கைமாற்றாக ஒரு ரப்பர் வளையம்

கோவில்பட்டியில் விமானம் இறங்காது, கண்ணுகளா. ஆனாலும் முத்துசெல்வி பிழைப்பது விமானத்தை வைத்துத்தான். விமானத்தின் பம்பு, வால்வுகளைப் பழுது பார்க்கும் சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். எங்கேயாவது பம்பு கெட்டு ஒரு விமானம் நின்றுவிட்டால் நாலைந்து கம்பெனிகளிடம் கேட்பார்கள். சீக்கிரம் சரிசெய்து தருபவருக்கே வேலை. எத்தனை நாளில் முடியும் என்று சொல்வது அவள் பொறுப்பு.

கணவர் காலமாகி, மகளையும் கட்டிக்கொடுத்துவிட்ட வீடு. அவளோடு பேச இருந்தது போட்டிக் கம்பெனியில் அதே வேலை பார்த்த மாயகிருஷ்ணன் ஒருவன்தான். கழுகுமலைக்காரன், இருந்தது ஹைதராபாத்தில். தன்னிடம் இல்லாத சாமானைப் போட்டிக் கம்பெனியிடமே கைமாற்றாக வாங்குவது இந்தத் தொழிலில் உண்டு. அப்படிக் கேட்கப்போய் வந்த பழக்கம்.

"யக்கோவ், ஏழு நாளுன்னு சொல்லிருக்கியளாம்ல? பம்ப ரிப்பேர் பாக்குதியளா, அடை வச்சிருக்கியளா?"

"ஏலே, நாலு நாளுன்னு சொல்லிட்டு மாசக்கணக்குல இழுத்தவன் நீதான!"

ஐப்பசியில் ஒருநாள் சிரிக்காமல் கூப்பிட்டான். பம்பு தயாரிக்கும் வெளிநாட்டுக் கம்பெனியே ரிப்பேரிலும் இறங்கி, உதிரிச் சாமான்களை மற்றவர்களுக்கு விற்பதைக் குறைத்துவிட்டிருந்தது.

"ஒரேயொரு ரப்பர் வளையம்க்கா. எண்ணெ கசியாம பம்புக்குள்ள மாட்டுவோம்லா, அது. இல்லன்னா காண்ட்ராக்ட் போயிரும், எங்க கம்பெனியவே மூடிருவாவ."

"மேல கேட்டுச் சொல்லுதேம்லே."

"மழை விழுந்துட்டா பகையாளிக்கும் வெதை குடுப்பாவல்லாக்கா, நம்ம பக்கம்."

இதற்குமுன் அவள் மேலே யாரையும் கேட்டதில்லை; தானே அனுப்பிவிடுவாள். சாமானே கிடைக்காத இந்தமுறை, கொடுத்தால் வேலை போய்விடுமோ என்று பயம்.

மேலாளர் ஜெயகிருஷ்ணன் சிரித்தார். "அவங்க விட்டா அந்தக் காண்ட்ராக்ட் நமக்குத்தானம்மா?"

அதை அவனிடம் சொன்னாள்.

"சரிக்கா, விடுங்க" என்றான்.

காண்ட்ராக்ட் வந்தது, பாராட்டும் வந்தது. மாயகிருஷ்ணனின் கம்பெனியை மூடினார்கள். அதன்பிறகு அவள் எத்தனை நாள் சொன்னாலும் கேலி செய்ய ஆளில்லை. வெளியே புஞ்சையில் மக்காச்சோளம் ஆள் உயரம் நின்றது. வீட்டுக்குள் மின்விசிறிச் சத்தம்.

பம்பு தயாரிக்கும் கம்பெனியிலேயே அவன் சேர்ந்துவிட்டதாகத் தை மாதத்தில் கேள்விப்பட்டாள். அந்தக் கம்பெனி எண்ணுக்கு அடித்தாள்; அவனே எடுத்தான்.

"வணக்கம், சொல்லுங்க மேடம்."

"ஏலே, நான் முத்துசெல்வி பேசுதேன்."

"தெரியும் மேடம். என்ன பார்ட் வேணும்?"

சும்மாதான் கூப்பிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. தன் கம்பெனியில் அலமாரி நிறையக் கிடக்கும் ஒரு வால்வின் பெயரைச் சொல்லி விலை கேட்டாள். விலை, வரி, வந்துசேரும் நாள் எல்லாம் நிதானமாக வாசித்தான். வைத்துவிடப்போகிறானே என்று, அவசரமாக இன்னொரு வால்வின் விலையையும் கேட்டாள்.