மூடினால் ஊமையாகும் டப்பா

பட்டினப்பாக்கம் ஜான்சன் தானே செய்த கிட்டார் பெடலுக்குள் போனது ஒரு சனிக்கிழமை காலை பத்தே காலுக்கு. வெளியே வர இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆயிற்று. அந்த வாரம் வஞ்சிரம் விலை கொஞ்சம் ஏறியிருந்தது; மற்றபடி குப்பத்தில் விசேஷம் ஒன்றுமில்லை.

ஜான்சன் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் லிஃப்ட் இயக்குபவன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிப்பான். கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் காலால் மிதிக்கிற பெடல் ஒன்று வைத்தால் சத்தம் கரகரத்துக் கனமாகி நெடுநேரம் நிற்கும் என்று, வீட்டிலேயே ஈயம் உருக்கிச் சால்டர் வைத்து அதைச் செய்தான். கடையில் விற்பதுபோல் கைக்கு அடக்கமாக இருக்க வேண்டுமென்ற ஆசையில், சின்ன மிட்டாய்த் தகர டப்பாவுக்குள் எல்லாவற்றையும் நெருக்கி அடைத்தான். மூடி திறந்திருந்தால் பெடல் பாடியது. மூடினால் ஊமையானது. ட்ரான்சிஸ்டரை மாற்றினான், கெபாசிட்டரை மாற்றினான், வயர்களை மாற்றினான். மனைவி ஏஞ்சல் சாப்பிடக் கூப்பிட்டால் பதில் சொல்வதையும் விட்டான். நாற்பதாவது நாள் மூடிய டப்பாவை முறைத்துப் பார்த்து, "உள்ள போற சத்தம் எங்கதான் போவுது? நானே போய்ப் பாக்கறேன்" என்று தந்தியை மீட்டினான். சத்தத்தோடு அவனும் போய்விட்டான். கிட்டார் மட்டும் நாற்காலியில் சாய்ந்திருந்தது.

உள்ளே சால்டர் உருண்டைகள் கடற்கரைப் பாறைகள்போல் கிடந்தன. ஏஞ்சல் மூடியைத் திறந்தபோது ஆள் தெரியவில்லை. ஸ்பீக்கரில் குரல் மட்டும் வந்தது. மூடியபோது போனவன் மூடியிருக்கும்போதுதான் திரும்ப முடியும் என்பது இரண்டே நாளில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. மூடியதும் அவன் இருட்டில், சத்தம் ஸ்பீக்கருக்குப் போகும் வாசலைத் தேடி ஓடுவான். ஒரு சாண் தூரம் இருக்கையில் கால் நழுவும். மணலில் தண்ணீர் இறங்குவதுபோல் தகரத்தில் இறங்கி, நுழைந்த இடத்திலேயே வந்து விழுவான். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை விழுந்தான்.

மந்தைவெளியில் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்க்கும் வலியுல்லா, வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் வருவார். கூலி வாங்க மாட்டார். ஒரு வயரை ஸ்பீக்கரில் சொருகி, அதன் மறுநுனியால் டப்பாவுக்குள் ஒவ்வொரு இடமாகத் தொடுவார். தொட்ட இடத்தில் ஓடும் சத்தம் ஸ்பீக்கரில் கேட்கும். எங்கே கேட்காமல் போகிறதோ, அங்கே பழுது.

"நைனா, பாடிக்கினே நட."

ஜான்சன் பாடிக்கொண்டே நடந்தான்.

"இங்க கீறான்... இங்கியும் கீறான்... வாசல் வரிக்கும் கீறாம்மா! ஃபால்ட்டே இல்ல."

"அப்ப ஏன் பாய் வெளிய வர மாட்டேன்றாரு?" என்றாள் ஏஞ்சல்.

"லிஃப்ட்ல நின்னு பழகிட்டான். உள்ளயே குந்திக்கினு கீறான்."

"பாய், லிஃப்ட்ல கதவாவது தொறக்கும்" என்றது ஸ்பீக்கர்.

தொட்டுப் பார்க்கத் திறக்க வேண்டும், திறந்தால் பழுதில்லை. கோடம்பாக்கத்திலிருந்து ஸ்டுடியோ ஆட்கள் இருவர் வந்து, அப்படியே திறந்து பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் போனார்கள்.

வருடம் ஒன்று போயிற்று. ஜவுளிக்கடை லிஃப்டில் வேறு ஆள் நின்றான். வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்த பெண், ஆள் இருக்கிறாரா என்று கேட்டாள். ஏஞ்சல் டப்பாவைத் திறந்து வைத்தாள். "கீறேம்மா" என்றான் ஜான்சன். அவள் டிக் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். ஏஞ்சல் காலையில் மீன் விற்று வந்து, டப்பாவைத் திறந்து அன்றைய கதையைச் சொல்வாள். பிறகு மூட வேண்டியிருக்கும், உப்புக்காற்று வயர்களை அரித்துக்கொண்டிருந்தது. மாதத்துக்கு மாதம் அவன் குரல் மெலிந்தது. பச்சை பூத்த கம்பிகளைப் பார்த்த வலியுல்லா, அடுத்த கோடை வரை தாங்காது என்று அவளிடம் மட்டும் வெளியே வந்து சொன்னார். உள்ளே இருந்தவனுக்கும் அது தெரிந்தேயிருந்தது. மூன்றாவது கிறிஸ்துமஸ் நெருங்கும்போது ஜான்சன் ஓடுவதை நிறுத்திவிட்டான். இருட்டில் ஒரு கெபாசிட்டரில் முதுகைச் சாய்த்து, மறுநாளுக்காகக் காத்திருந்தான்.

அந்த மார்கழியில் ஒருநாள், எப்படி இருக்கிறது என்று ஏஞ்சல் கேட்டதற்கு, "மேல தகரம் சில்லுனு கீது" என்றான். குறையாகச் சொல்லவில்லை. ஏஞ்சல் தன் பழைய போர்வையில் ஒரு துண்டு வெட்டினாள். மூடியின் உட்பக்கம் முழுதும் பசை தடவி ஒட்டினாள். பழுதைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. அவனுக்குக் குளிரக் கூடாது, அவ்வளவுதான்.

"யோவ், போத்திக்கினு படு" என்று மூடினாள்.

தலைக்கு மேல் போர்வை வந்து இறங்கியது. அதில் அவள் வாசனை இருந்தது. சாப்பிடக் கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்லாத அத்தனை நாட்களும் ஜான்சனுக்கு நினைவு வந்தன. தப்பிக்க வேண்டும் என்று எழவில்லை. மூடிய டப்பாவிலிருந்து குரல் போகாது என்று தெரிந்தும், வாசல் வரை போய் அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லலாம் என்றுதான் எழுந்தான். நடந்தான். கால் நழுவவில்லை. "நல்லாருக்கு ஏஞ்சல்" என்று சொல்லிக்கொண்டே ஸ்பீக்கர் வழியாக வெளியே வந்து, வீட்டு நடுவில் வெறுங்காலோடு நின்றான்.

ஏஞ்சல் கொஞ்ச நேரம் அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு, "குளிச்சிட்டு வாய்யா, ஈயம் நாத்தம் அடிக்கிது" என்றாள்.

வெள்ளிக்கிழமை வலியுல்லா மூடியைத் திருப்பிப் பார்த்தார். வெளியே போகும் வயர் சேரும் பித்தளை நாக்கு, மூடும்போதெல்லாம் தகரத்தைத் தொட்டு, சத்தத்தைத் தகரத்திலேயே இறக்கிவிட்டிருக்கிறது. இப்போது நடுவில் துணி. "ரெண்டு வருசமா தொறந்து தொறந்து பாத்தேன்" என்று தலையில் கை வைத்தார். ஏஞ்சல் அவருக்குச் சாப்பாடு போட்டாள். ஆண்டவருடைய இரக்கம் பல சமயம் ஒரு துண்டுத் துணி அளவில்தான் வருகிறது. அதற்குமேல் தேவைப்படுவதும் இல்லை.

இப்போது ஞாயிறு பூசையில் ஜான்சன் அல்லேலூயா பாடினால், வாயை மூடிய பிறகும் அது முக்கால் நிமிடம் ஒலிக்கிறது. பங்குத்தந்தை அது அடங்கும் வரை கைகூப்பிக் காத்திருந்து, நற்செய்தியைத் திறக்கிறார்.