தெர்மோகோல் மூடியில் எழுதிய எடை

குப்பை வண்டி பாட்டுப் போட்டபடி அடுத்த தெருவுக்குத் திரும்பியது. லீச்சுன் மொட்டை மாடியில் கீரைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே படிக்கட்டுப் பக்கம் காது கொடுத்தாள். பையோடு இறங்கி ஓடிய நாத்தனார் ஹுய்சின் ஏறி வர வேண்டும். ஐந்து மாடி. லிஃப்ட் கிடையாது.

செருப்புச் சத்தம் வழக்கம்போல் வேகமாகத்தான் கிளம்பியது. நான்காவது மாடியில் நின்றது. பிறகு இருமல்.

"என்ன ஆச்சு?" என்று மேலிருந்து கேட்டாள்.

"செருப்பு வார் அறுந்துடுச்சு அண்ணி."

ஹுய்சின் வீட்டுக்குள் போன பிறகு லீச்சுன் வாசலில் கிடந்த செருப்பைக் குனிந்து பார்த்தாள். வார் அறுந்திருக்கவில்லை.

ஹுய்சினுக்கு இருபத்தாறு வயது. பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் தைவானின் காவ்சியுங் நகரத்துக்கே இரண்டாவதாக வந்தவள். அவளுடைய அண்ணன், அதாவது லீச்சுனின் கணவன், சூரை மீன் கப்பலில் போய் எட்டு மாதமாகிறது. துறைமுகத்தில் கடைசியாக அவன் சொன்னது ஒன்றுதான்: "தங்கச்சியைப் பார்த்துக்க. டிசம்பர்ல அவ கல்யாணத்துக்கு வந்துடுவேன்."

லீச்சுனுக்கும் எதிர்வீட்டு கோ அம்மாவுக்கும் மார்ச் மாதத்திலிருந்து ஒரு போட்டி நடந்துகொண்டிருந்தது. மொட்டை மாடியில் பாதி இவளுக்கு, பாதி அவளுக்கு. கோ அம்மா முப்பது வருஷம் மீன் விற்றவள். மீன் வந்த தெர்மோகோல் பெட்டிகளில்தான் இருவரும் பயிர் செய்தார்கள். அவள் பக்கம் கொடிப்பசலை, இவள் பக்கம் தவசிக்கீரை. ஆளுக்குப் பன்னிரண்டு பெட்டி, ஒரே மண், ஒரே தண்ணீர். பறித்ததை கோ அம்மாவின் மீன் தராசில் நிறுத்து, எடையை அவரவர் பெட்டி மூடியில் தேதி போட்டு எழுதி வைப்பார்கள். இலையுதிர்கால நிலா விழா வரும்போது யார் கீரை ஜெயிக்கிறதோ அவளுக்கு மற்றவள் விருந்து போட வேண்டும்.

பசலை சீக்கிரம் படர்ந்தது. ஆனால் மழைக்கு இலையெல்லாம் புள்ளி விழுந்தது, புழு சல்லடையாக்கியது. தவசிக்கீரை முதலில் சோம்பிக் கிடந்தது. ஜூனில் வெயில் ஏறியதும் வெட்ட வெட்டத் துளிர்த்தது. ஓர் இலையில்கூட ஓட்டை இல்லை.

"ஏம்மா, புழுவுக்கே பிடிக்காததை மனுஷி எப்படித்தான் திங்கிறாளோ!" என்பாள் கோ அம்மா.

"உங்க கீரை சளி மாதிரி கொழகொழன்னு இருக்கு. பல்லில்லாத புழுவுக்கு அதுதான் சௌகரியம்."

"எனக்கும்தான் பல்லில்ல. பாத்துப் பேசு."

ஜூலையில் ஹுய்சின் கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டூடியோவுக்கு கவுன் பார்க்கப் போனாள். பிடித்த கவுனின் ஜிப் நான்கு விரல் அளவுக்கு மூடவில்லை. "பின்னாடி கிளிப் போட்டுக்கலாங்க, படத்துல தெரியாது" என்றாள் ஸ்டூடியோப் பெண். ஹுய்சின் ஸ்கூட்டரில் அழுதுகொண்டே வந்தாள்.

அந்த வாரம் சந்தையில் ஒரு சாறு கடை முன்னால் பெண்கள் வரிசையில் நின்றார்கள். 'மெலிவுக்கீரைச் சாறு' என்று பலகை. கடைக்காரன் மிக்ஸியில் திணித்த இலையைப் பார்த்ததும் ஹுய்சினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணியின் தவசிக்கீரை.

மறுநாளிலிருந்து லீச்சுன்தான் அரைத்துக் கொடுத்தாள். காலையில் பறித்த பச்சை இலை, அரைக் கொய்யா, ஒரு டம்ளர் தண்ணீர். கொடுக்கும்போது அவளுக்குப் பெருமையாக இருந்தது. ஐந்து வாரத்தில் ஹுய்சின் ஆறு கிலோ குறைந்தாள். கவுனைத் திரும்பப் போட்டுப் பார்த்தபோது அது தொளதொளத்தது. ஸ்டூடியோப் பெண் பின்னால் கிளிப் போட்டாள்.

ஒரு விஷயத்தை மட்டும் லீச்சுன் யாரிடமும் சொல்லவில்லை. அவளும் நான்கு நாள் அந்தச் சாற்றைக் குடித்தாள். உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு தடதடவென்று அடித்தது, தூக்கம் போயிற்று. "பச்சை வாசனை ஒத்துக்கலை" என்று நிறுத்திக்கொண்டாள். தெரிந்திருந்தால் கோ அம்மா கேலி செய்யாமல் விட்டிருக்க மாட்டாள். அந்த வாரம்தான் தவசிக்கீரை மூன்று கிலோ முந்தியிருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் செருப்புச் சத்தம் மூன்றாவது மாடியிலேயே நின்றது. சாதாரண சளி என்றாள் ஹுய்சின். மருந்துக்கடைச் சிரப்பைக் குடித்துக்கொண்டு, கீரைச் சாற்றையும் விடாமல் குடித்தாள்.

ஏழு மணிச் செய்தியில் அந்த இலை வந்தபோது ஹுய்சின் குளித்துக்கொண்டிருந்தாள். ஒரு டாக்டர் கொத்தைத் தூக்கிக் காட்டினார். அடுத்து ஆஸ்பத்திரிக் கட்டில், மூக்கில் குழாயோடு ஒரு பெண். முகத்தை மறைத்திருந்தார்கள், தோள்கள் மட்டும் ஏறி இறங்கின. வாரக்கணக்கில் பச்சையாக அரைத்துக் குடித்தவர்களுக்கு நுரையீரலின் சின்னக் குழாய்கள் தழும்பேறி அடைத்துப்போகின்றன, தழும்பு மறைவதில்லை. தைவான் முழுக்க இப்படிப் பலர் வந்துகொண்டிருக்கிறார்கள். குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் லீச்சுன் டிவியை அணைத்தாள். ஏன் அணைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

காலையில் மொட்டை மாடிக்கு ஏறியபோது கோ அம்மா முந்தியே அங்கே நின்றிருந்தாள். அவள் கேலி செய்வாள் என்று லீச்சுன் எதிர்பார்த்தாள். கேலி செய்தால் தேவலை என்றுகூட இருந்தது. கோ அம்மா தவசிக்கீரைப் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் கோ அம்மா கேட்டாள். "எத்தனை நாளா குடிக்கிறா?"

லீச்சுன் மூடியை எடுத்தாள். நூற்றைம்பது கிராம், நூற்றெண்பது, நூற்றறுபது. சாறு தொடங்கிய நாளிலிருந்து எண்ணினால் நாற்பத்தொன்பது வரி.

"ஆஸ்பத்திரிக்கு இதையும் எடுத்துக்கிட்டுப் போ" என்றாள் கோ அம்மா.

செய்தியில் வந்ததைச் சொன்னபோது ஹுய்சின் லேசில் மசியவில்லை. "டிவியில வர்றவங்கல்லாம் ஆறு மாசமா குடிச்சவங்களா இருக்கும் அண்ணி. படம் எடுக்க இன்னும் பதினேழு நாள்தான் இருக்கு. இப்பப் போய் ஆஸ்பத்திரின்னா மாமியார் வீட்டுல என்ன நினைப்பாங்க?"

"சளிக்குத்தான் பாக்கப் போறோம். வா."

"அது என்ன பேப்பர்ல சுத்தி?"

"சும்மா."

டாக்டர் இளைஞர், களைத்த முகம். வெளியே பெஞ்சில் எட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. பேசினால் இருமல் வந்தது.

"கீரைச் சாறு குடிச்சீங்களா?"

"எப்பவாவது ஒரு டம்ளர். வேகவச்சுத்தான்" என்றாள் ஹுய்சின். சொல்லிவிட்டு அண்ணியை ஓரக்கண்ணால் பார்த்தாள். அந்தப் பொய்யில் பாதி, அரைத்துக் கொடுத்த தன்னைக் காப்பாற்றத்தான் என்பது லீச்சுனுக்குப் புரிந்தது.

டாக்டரின் முகத்தில் இறுக்கம் தளர்ந்தது. "அப்போ பயப்பட ஒண்ணுமில்ல. இருமலுக்கு எழுதித் தர்றேன்." பேனா ஓட ஆரம்பித்தது. இன்னும் அரை நிமிஷம் பேசாமல் இருந்தால் போதும், சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே போய்விடலாம்.

லீச்சுன் பேப்பரைப் பிரித்து மூடியை மேஜைமேல் வைத்தாள். மண் உதிர்ந்தது.

"தினமும் குடிச்சா டாக்டர். நான்தான் அரைச்சுக் குடுத்தேன். எடை இதுல இருக்கு."

டாக்டர் பேனாவை வைத்தார். விரலால் வரிவரியாக இறங்கினார். "எல்லாம் பச்சையாவா?"

"பச்சையா." லீச்சுன் மேஜைமேல் உதிர்ந்த மண்ணைக் கையால் ஒதுக்கினாள். "நானும் நாலு நாள் குடிச்சேன். நெஞ்சு படபடத்துச்சு, தூக்கம் வரல. நிறுத்திட்டேன். இவகிட்ட சொல்லல."

ஹுய்சின் திரும்பிப் பார்த்தாள்.

ஊதிப் பார்க்கும் கருவிக்கு அழைத்துப்போனார்கள். "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும், விட்டுடாதீங்க" என்று நர்ஸ் கத்தினாள். காகிதத்தில் கோடு கொஞ்சம் எழும்பி, உடனே படுத்துவிட்டது. மூன்று தடவையும் அப்படித்தான். ஓட்டக்காரியின் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"இந்த வயசுக்கு இருக்க வேண்டிய மூச்சுல பாதிதான் இருக்கு" என்றார் டாக்டர். "மருந்து தர்றோம். போனது திரும்பும்னு என்னால சொல்ல முடியாது. நிறுத்தின பிறகும் சிலருக்குக் குறைஞ்சுக்கிட்டே போகுது. குறையாம இதே அளவுல நின்னா, அதுவே பெரிய விஷயம். வாராவாரம் வாங்க."

வீட்டுப் படிக்கட்டில் ஹுய்சின் இரண்டாவது மாடியிலேயே கைப்பிடியைப் பிடித்து நின்றாள். லீச்சுன் இரண்டு படி கீழே நின்றாள்.

"நீங்க முன்னாடி போங்க அண்ணி. பின்னாடி நின்னு என் மூச்சை எண்ணாதீங்க."

லீச்சுன் நிற்காமல் மொட்டை மாடிவரை ஏறினாள். கத்தரிக்கோலைத் தேடாமல் பன்னிரண்டு பெட்டித் தண்டுகளையும் கையாலேயே ஒடித்துப் போட்டாள். எட்டாம் நாள் பார்த்தால் ஒவ்வொரு கட்டையிலும் பச்சைப் பொட்டாகத் துளிர் விட்டிருந்தது. பெட்டிகளைக் கவிழ்த்து வேரைத் தேடித் தேடிப் பிடுங்கினாள். கோ அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணை உதிர்த்தாள். யார் ஜெயித்தது என்ற பேச்சு வரவில்லை. எழுந்து போகும்போது மட்டும் ஒரு கட்டுப் பசலையை லீச்சுன் மடியில் வைத்துவிட்டுப் போனாள். "வேகவச்சுக் குடு. நல்லா வேகவச்சு."

படம் எடுப்பதைத் தள்ளிப்போட்டார்கள். குப்பைப் பையை மட்டும் ஹுய்சின் விட்டுக்கொடுக்கவில்லை. வண்டிப் பாட்டுக் கேட்டதும் "நானே போறேன்" என்று பிடுங்கிக்கொள்வாள். இப்போது ஓடுவதில்லை. வண்டி காத்து நிற்கப் பழகிவிட்டது.

லீச்சுன் காலிப் பெட்டிகள் நடுவில் நின்று கேட்டாள். எண்ணக் கூடாது என்றுதான் நினைத்தாள். செருப்புச் சத்தம் மெல்ல ஏறியது. முதல் மாடி. திருப்பம். இரண்டாவது மாடியில் நின்றது.

அவள் கையைப் பிசைந்தபடி காத்திருந்தாள். கீழே நீளமாக ஒரு மூச்சு, சின்ன இருமல். பிறகு மறுபடியும் செருப்பு.

நேற்றும் இரண்டாவதுதான். முந்தாநாளும் இரண்டாவதுதான்.