எட்டாவது மைலில் நின்ற வண்டி

கள்ளன் என்ற சொல்லைச் சற்குணம் தன் முப்பத்திரண்டு வயதில் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதல் தடவையாக முகத்துக்கு நேரே கேட்டான். அதுவும் கரமனையில் ஒரு சந்து முழுக்கக் கேட்கும்படி.

சொன்னவர் கோமதிநாயகம் பிள்ளை. ஆரியசாலையில் அரிசி, பருப்பு மொத்த வியாபாரம். கெட்ட மனிதர் அல்ல. ஆனால் அவருடைய கோபம் அடுப்பில் வைத்த பாலைப் போன்றது. கண்ணை எடுத்தால் பொங்கிவிடும்.

பொன்முடிப் பக்கத்து எஸ்டேட் ஒன்றுக்கு அவர் வெகு காலமாக அரிசி அனுப்பிக்கொண்டிருந்தார். சுதந்திரம் வந்து இரண்டாவது வருஷம் அங்கிருந்த வெள்ளைக்கார மானேஜர் சீமைக்குத் திரும்பியபோது, கொட்டகையில் கோழி அடைந்து கிடந்த தன் பழைய காரைப் பிள்ளையிடம் தள்ளிவிட்டுப் போனார். நாலு பேர் உட்காரலாம். மேலே மடக்கிவிடக்கூடிய கான்வாஸ் கூரை. கூரையில் பாதியை எலி தின்றிருந்தது. வண்டியைக் கரமனை வீட்டு முற்றத்துக்கு லாரியில் கட்டித்தான் கொண்டுவந்தார்கள்.

சற்குணம் பஸ் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் ஆராதனை முடிந்ததும் நேரே பிள்ளை வீட்டு முற்றத்துக்கு வந்துவிடுவான். இரண்டு வருஷமாக இதுதான் வழக்கம். மத்தியானம் அங்கே சாப்பாடு. மற்றபடி அவன் கைநீட்டி எதுவும் வாங்கியதில்லை. செத்த எஞ்சினுக்கு உயிர் வருவதைப் பார்ப்பதில் அவனுக்கு ஒரு கிறுக்கு. பிஸ்டன் வளையம் மாற்றினான். துருப்பிடித்த டாங்கியைக் கழற்றிக் கழுவினான். காயிலைப் புதிதாகப் போட்டான். எட்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் எஞ்சின் இருமி, கனைத்து, ஓடத் தொடங்கியபோது பிள்ளை சின்னப் பிள்ளையைப் போலக் கைதட்டினார்.

முற்றத்தில் ஓடிய வண்டி சாலையில்தான் மானத்தை வாங்கியது. ஆனி மாதம் கார்புரேட்டரைச் சற்குணம் வீட்டுக்கு எடுத்துப் போய்க் கழுவிக் கொண்டுவந்து மாட்டினான். அதன் பிறகுதான் முதன்முதலாகச் சாலைக்கு எடுத்தார்கள். பேரூர்க்கடை ஏற்றமெல்லாம் ஜம்மென்று ஏறிய வண்டி, கரகுளத்துக்குப் பக்கத்தில் எட்டாவது மைலில் இரண்டு தடவை விக்கிவிட்டு நின்றது. பெட்ரோல் தீர்ந்ததோ என்று பிள்ளை டாங்கி மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்த்தார். முக்கால் டாங்கி இருந்தது. மூடியைப் போட்டு, முன்னாலுள்ள கைப்பிடியை மறுபடி சுழற்றியதும் கிளம்பிவிட்டது! இன்னொரு எட்டு மைல். மறுபடி அதே விக்கல், மறுபடி குச்சி. பிளக்கை மாற்றினார்கள். பெட்ரோல் பம்பைப் பிரித்துச் சவ்வை மாற்றினார்கள். குழாயை ஊதினார்கள். முற்றத்தில் நிறுத்தி ஒரு மணி நேரம் ஓட்டினால் குறையே தெரியாது. சாலைக்குப் போனால் எட்டாவது மைலில் சாவு.

வேறு காலமாயிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் பிள்ளையின் தங்கை பகவதி வித்துராவில் வாழ்க்கைப்பட்டவள், இப்போது எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. தாய் தகப்பன் இல்லாத பெண்ணுக்குப் பிறந்த வீடு அண்ணன் வீடுதான். பஸ்ஸில் ஏற்றக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். என் சொந்தக் காரிலே கூட்டி வருகிறேன் என்று பிள்ளை சம்பந்தி வீட்டுக்குக் கடிதம் போட்டு, வருகிற வெள்ளிக்கிழமையை நல்ல நாளாகக் குறித்தும்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது தடவையாக வண்டி நின்று, பிள்ளை வெயிலில் வெந்து வீடு திரும்பியதும்தான் பால் பொங்கியது.

"என் கார்புரேட்டர் எங்கடே?"

"வண்டியிலதான் இருக்கு, அண்ணாச்சி. கண்ணுக்கு முன்னால இருக்கு."

"இது என்னுடையது இல்ல. கறவ மாட்ட அவுத்துக்கிட்டுப் போயி மலட்டு மாட்டக் கொண்டுவந்து கட்டியிருக்கே. கழுவுகேன்னு வீட்டுக்குக் கொண்டுபோனியே, அன்னைக்குத்தான் மாத்தியிருக்கே. அதுக்கப்புறந்தானே இந்தச் சீக்கு!"

"அதுக்கு முந்தி நாம ரோட்டுக்கே போகலியே, அண்ணாச்சி!"

"நியாயம் பேசாதே. கள்ளன்! ரெண்டு வருசம் என் சோத்தத் தின்னுட்டு..."

சந்து முனையில் வெற்றிலைக் கடை வைத்திருக்கும் மலையாளத்துக்காரி சரசம்மா எட்டிப் பார்த்தாள். "எந்தா பிள்ளே, களவு போயோ?"

"போச்சு! இந்தா நிக்கானே, இவன்கிட்ட கேளுங்க!" என்றார் பிள்ளை. பிறகு சற்குணத்தின் பக்கம் திரும்பினார். "வெள்ளிக்கிழம வரைக்கும் உனக்குத் தவண. அதுக்குள்ள என் சாமான் வரல்லேன்னா, சனிக்கிழம காலையில உன் சூப்ரெண்டு மேசமேல என் கடுதாசி இருக்கும்."

சற்குணம் பையை எடுத்துக்கொண்டு நடந்தான். அவனுக்கு நன்றாகத் தெரியும்: ஒர்க்‌ஷாப்பில் சாமான் காணாமல் போவதாக ஏற்கெனவே புகார் இருக்கிறது. கள்ளன் என்று ஒரு வியாபாரியின் கையெழுத்தோடு கடிதம் வந்தால் யாரும் விசாரிக்கப் போவதில்லை. வேலை போய்விடும். பேரும் போய்விடும்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அவன் பஸ் தகட்டை அடித்து நிமிர்த்தினான். சுத்தியலை ஓங்கினால் பிள்ளையின் மண்டைதான் தெரிந்தது. இரவு ஜெபத்தில் மன்னிப்பைப் பற்றிய இடம் வந்ததும் அவன் உதடு மட்டும் அசைந்தது, குரல் வரவில்லை. மனைவி லீலாபாய் அதைக் கவனித்தாள், கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஆனால் கோபத்துக்கும் ஒரு உபயோகம் உண்டு. மனதுக்குள் அவன் ஓயாமல் பிள்ளையோடு வழக்காடிக்கொண்டிருந்தான். வியாழக்கிழமை, ஒரு பஸ்ஸுக்கு அடியில் படுத்துக் கிடந்தபடி வழக்கைத் தொடர்ந்தான். அண்ணாச்சி, கார்புரேட்டர் மட்டம் என்றால் முற்றத்தில் எப்படி ஒரு மணி நேரம் ஓடும்? சரி, முற்றத்தில் மெதுவாக ஓடுகிறது, கொஞ்சமாகக் குடிக்கிறது. சாலையில் வேகம், நிறையக் குடிக்கிறது. குடிக்கக் குடிக்க எது குறைகிறது? பெட்ரோல் குறையவில்லை, குச்சி வைத்துப் பார்த்தது நீங்கள்தானே! நீங்கள் மூடியைத் திறந்ததும் வண்டி கிளம்பியதே...

அவன் கை ஸ்பானரோடு அப்படியே நின்றது.

மூடியைத் திறந்ததும். மூன்று தடவையும் திறந்த பிறகுதான் கிளம்பியது. திறக்கும்போது உஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்டதே! டாங்கிக்குள் காற்று போகவில்லை. பெட்ரோல் வெளியே போகப்போக, உள்ளே அந்த இடத்தை நிரப்பக் காற்று வேண்டும். இல்லாவிட்டால் பம்பு எவ்வளவு இழுத்தாலும் சொட்டு வராது. அதற்கென்றே மூடியின் நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துவாரம் உண்டு. அதை யார் அடைத்தார்கள்?

கேட்ட மாத்திரத்தில் விடையும் கண்ணுக்குத் தெரிந்தது. எஞ்சின் உயிர் பெற்ற நாளிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பிள்ளை வீட்டில் வண்டிக்குப் பூசை. முகப்பில் ஒரு பொட்டு, ஸ்டியரிங்கில் ஒரு பொட்டு, வண்டி ஆகாரம் கொள்கிற வாய் என்று டாங்கி மூடியில் ஒரு பொட்டு. சந்தனம், அதன்மேல் குங்குமம். எட்டு மாதத்துச் சந்தனம்! ஞாயிறுதோறும் வண்டியை மூலை முடுக்கெல்லாம் துடைக்கிற சற்குணம், அந்த மூன்று பொட்டுகளை மட்டும் தொடுவதில்லை. அது அவர்கள் சாமி காரியம், எண்ணெய்க் கையால் நாம் தொடலாகாது என்ற மரியாதை.

பஸ்ஸுக்கு அடியில் கிடந்தபடியே அவன் சிரித்தான். நல்ல சிரிப்பல்ல அது.

சாயங்காலம் லீலாபாயிடம் சொன்னான். அவளுக்கு அவனைவிடக் கோபம்.

"சும்மா இரிங்க. நாளைக்கு எட்டு மைல் தாண்டி அந்த மனுசன் நடுரோட்டில நிக்கட்டு. கள்ளன்னு விளிச்ச வாய் அங்க கிடந்து காயட்டு."

"தங்கச்சியும்லா கூட நிப்பா?"

லீலாபாய் முறத்தைத் தட்டிவைத்தாள். அவளும் இரண்டு பெற்றவள். முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டு, "போனா சும்மா வரப்பிடாது. நாலு பேருக்கு முன்னால முகத்தில அடிச்ச மாதிரி சொல்லணும்" என்றாள்.

"அதுக்குத்தான் போறேன்" என்றான் சற்குணம்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவன் சந்துக்குள் நுழைந்தபோது வண்டி வாசலில் நின்றது. புதுக் கான்வாஸ் கூரையைப் பின்னால் மடக்கியிருந்தார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பிள்ளையின் மனைவி சரோஜம் சந்தனக் கிண்ணத்தோடு நின்றாள். மூடியில் அன்றைய பொட்டு இன்னும் ஈரமாக இருந்தது. சரசம்மா கடைப் பலகையை எடுத்துக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் வழியனுப்ப நின்றார்கள். லீலாபாய் கேட்ட நாலு பேர்.

"எதுக்குடே வந்தே? மிச்ச சொச்சம் இருக்கான்னு பாக்கவா?" என்றார் பிள்ளை.

"அந்த மூடியக் கழத்துங்க."

"என்னது?"

"டாங்கி மூடியக் கழத்துங்க. நான் தொடமாட்டேன். நான் தொட்டா அதையும் மாத்திட்டான்னு சொல்லுவீங்க. நீங்களே கழத்துங்க." அவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். "உள்பக்கம் பாருங்க, நடுவில ஒரு துவாரம் இருக்கும். ஊதிப் பாருங்க. காத்து போகுதா?"

பிள்ளை அவனை ஏற இறங்கப் பார்த்தார். மூடியைக் கழற்றி வாயருகே வைத்து ஊதினார். கன்னம் உப்பியது. காற்று போகவில்லை. இன்னொரு தடவை ஊதினார். கண் பிதுங்கியது. சரோஜம் தன் தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்கை எடுத்து நீட்டினாள். அவர் குத்தினார். உலர்ந்த சந்தனம் பல்லி முட்டை ஓடு போலப் பொடிந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. மறுபடி ஊதினார். விசில் போலச் சத்தம் வந்தது.

"வண்டி மூச்சு விடுற இடம் அது" என்றான் சற்குணம். "பொத்திட்டா எட்டு மைல்தான் தாங்கும். என் கார்புரேட்டர் எங்கன்னு கேட்டீங்கல்லா? இப்பக் கேளுங்க!"

பிள்ளை கையிலிருந்த சந்தனப் பொடியைப் பார்த்தார். பிறகு அவர் தலை மெல்லத் திரும்பியது. எங்கே திரும்புகிறது என்று சற்குணம் பார்த்தான். கிண்ணத்தோடு நின்ற சரோஜத்தின் முகம் வெளிறிப் போயிருந்தது. "நாந்தான் வச்சேன்..." என்று அவள் உதடு முணுமுணுத்தது. பிள்ளையின் கழுத்து நரம்பு புடைத்தது. பால் மறுபடி பொங்கப் போகிறது. இந்தத் தடவை வேறு பக்கமாக.

ஐந்து நாளாகச் சேர்த்துவைத்த சொற்களெல்லாம் சற்குணத்தின் நாக்கு நுனியில் இருந்தன. உங்கள் பக்திதான் உங்கள் வண்டியைக் கொன்றது என்று ஒரு வார்த்தை போதும். சொல்லியிருந்தால் அவன் பக்கம் நியாயம்தான். ஆனால் அந்த வார்த்தை யார் தலையில் போய் விழும் என்பது கண்ணுக்கு முன்னால் தெரிந்தபோது, கடவுளுக்குப் பயந்தவன் கொஞ்சம் தயங்கத்தான் செய்வான்.

"அக்காவ நோக்காதீங்க" என்றான் அவன், கோபம் குறையாமலே. "சந்தனம் வைக்கது அவங்க வழக்கம். வண்டியத் துடைக்கது என் வேல. எட்டு மாசமா அந்த இடத்த மட்டும் நான் துடைக்கல்ல. அந்தக் குத்தம் என்னுடையது. களவுதான் என்னுடையது இல்ல."

சரோஜம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளை மூடியைத் திருகிப் போட்டார். முன்பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு, "ஏறுடே" என்றார்.

"எனக்கு எட்டு மணிக்கு வேல."

"ஒர்க்‌ஷாப்புக்கு ஆள் அனுப்பிச் சொல்லுதேன். எட்டாவது மைலில நின்னா உன்னை அங்கேயே புதைக்கணும்லா? ஏறு!"

அவன் ஏறினான். பேரூர்க்கடை ஏற்றம் தாண்டியது. கரகுளம் வந்தது. எட்டாவது மைல் கல் வந்தது. பிள்ளை இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கல் பின்னால் போயிற்று. ஒன்பதும் போயிற்று. நெடுமங்காட்டுச் சந்தையருகே அவர் வண்டியை நிறுத்தி, "காப்பி குடிக்கியா?" என்றார்.

"வேண்டாம்."

"பின்ன என்னதான்டே வேணும்?"

"சந்தில வச்சுச் சொன்னதச் சந்தில வச்சே எடுக்கணும்."

பிள்ளைக்கு முகம் சிவந்தது. வண்டியைக் கிளப்பினார். வித்துரா போய்ச் சேரும்வரை வேறெங்கும் நிறுத்தவில்லை.

திரும்புகையில் பகவதியும் அவள் மாமியாரும் பின்னால் இருந்தார்கள். சாய்ந்து உட்கார இரண்டு தலையணை. மேடுபள்ளம் வரும்போதெல்லாம் சற்குணம், "மெதுவா, அண்ணாச்சி" என்றான். அது ஒன்றுதான் அவன் பேசியது. பகவதி இரண்டு ஆண்களின் பிடரியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, வண்டில யாராவது செத்துப் போயிட்டாங்களா?" என்று கேட்டாள். மாமியார் அவள் தொடையில் கிள்ளினாள்.

மத்தியானம் வண்டி சந்துக்குள் திரும்பியது. வீட்டுக்குப் போகாமல் சரசம்மாவின் கடைக்கு முன்னால் நின்றது. பிள்ளை ஹாரனை அமுக்கினார். விட்டு விட்டு நாலைந்து தடவை. ஜன்னல்கள் திறந்தன. கூரை மடக்கிய வண்டியில் அவர் எழுந்து நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க!" ஞாயிற்றுக்கிழமை கத்தியதைவிடப் பெரிய சத்தம். யாரையோ அடிக்கப் போகிறார் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். "என் சாமான் ஒண்ணும் களவு போகல்ல! போச்சுன்னு நான் சொன்னது பொய்! இவன் யோக்கியன். என் தங்கச்சிய அலுங்காமக் கொண்டுவந்து சேத்தவன் இவன்தான். இனிமே இவனப் பத்தி எவனாவது வேற மாதிரி பேசினா, நாக்க அறுத்துப் போடுவேன்!"

"வேற ஆரும் பறஞ்ஞில்லல்லோ, பிள்ளே. நிங்ஙள்தன்னே அல்லே பறஞ்ஞது?" என்றாள் சரசம்மா, அன்று சொன்ன வாயையே விரலால் சுட்டி.

"அதத்தான் நானும் சொல்லுதேன்!" என்று கத்திவிட்டுப் பிள்ளை உட்கார்ந்தார். வேர்த்து வழிய வண்டியை வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். முகத்தைத் திருப்பாமல், தாழ்ந்த குரலில் கேட்டார்: "போதுமாடே?"

சற்குணம் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். "எடுத்தாச்சு. சரி. ஆனா எனக்குக் கோபம் போகல்ல, அண்ணாச்சி."

"போகாது. நான் சொன்னது அப்படி" என்றார் அவர். "கோபத்தோடயே ஞாயிற்றுக்கிழம வா. பிரேக்கு இடப்பக்கம் இழுக்கு."

"நானும் பாத்தேன்" என்றான் சற்குணம். பின் கதவைத் திறந்து, பகவதி இறங்குவதற்குத் தன் கையை நீட்டினான். அதில் எண்ணெய் இருப்பது நினைவுக்கு வந்து, வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி நீட்டினான்.