டாபுவுக்குப் போகிறவள்

கப்பல் கிளம்ப ஒரே ஒரு பொம்பளை குறைந்தது. நூறு ஆணுக்கு நாற்பது பெண் ஏற்ற வேண்டும் என்பது சர்க்கார் சட்டம். கடல் கடந்த கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றுகிற கல்கத்தாவின் அந்தக் கூலி டிப்போவில் இருநூற்றைம்பது ஆண்கள் காத்திருந்தார்கள். பெண்கள் தொண்ணூற்று ஒன்பது. நூறாவது பெண் முந்தின நாள் காலராவில் போய்விட்டாள். அவள் போனதற்கு அங்கே ஒருவரும் அழவில்லை. எண்ணிக்கை போயிற்றே என்றுதான் டிப்போவின் தலைமைக் குமாஸ்தா பெரிய பாபு தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உமாசரண் பாக்ராஷி சால்வை நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு தாழ்வாரத்தில் நின்றான். சம்மதம் கேட்டுக் கையெழுத்துப் போடுகிற வெள்ளைக்கார துரை கேட்பதை இந்துஸ்தானியில் சொல்லி, கூலிகள் சொல்வதை இங்கிலீஷில் சொல்லும் குமாஸ்தா அவன். முற்றத்தில் டாக்டர், சந்தையில் மாடு பிடிப்பது மாதிரி ஒவ்வொருவன் வாயையும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு, வாந்தி, கடுகெண்ணெய் எல்லாம் சேர்ந்து ஒரு வாடை. கர்மம்! தினமும் சாயங்காலம் கங்கையில் முங்காமல் அவன் வீட்டுப் படி ஏறுவதில்லை. தன் உடம்பில் ஒட்டுவதெல்லாம் இவர்களுடைய அழுக்குதான் என்று அதுவரை நினைத்திருந்தான்.

ஆள்பிடிக்கிற ராம்ஜியாவன் மத்தியானம் ஒருத்தியைக் கூட்டிவந்தான். ஹௌரா ஸ்டேஷன் வாசலில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றாளாம். பீகாரில் ஆரா பக்கத்துக்காரி, பெயர் தேத்ரி. முப்பது வயதிருக்கும். வகிட்டில் குங்குமத்தை நெற்றி வரைக்கும் இழுத்திருந்தாள்.

"எங்கம்மா போகணும்?" என்று கேட்டான் உமாசரண்.

"டாபுவுக்கு, பாபு. எம் புருசன் அங்கதான் இருக்காரு. பிசேசர்னு பேரு. நெத்தியில வெட்டுத் தழும்பு இருக்கும். இப்படித்தான போயிருப்பாரு, பாத்திருப்பீங்களே?"

"எந்த டாபு?"

"எந்த டாபுன்னா? டாபுதான். கரும்பு வெளையிற டாபு."

"மிரிச்சா?"

"ஆங், மிரிச்! மிரிச்தான்!" புருஷன் வீட்டுத் தெருவையே அவன் சொல்லிவிட்டது போல அவள் முகம் மலர்ந்துவிட்டது.

இவர்கள் ஊரில் கடலுக்கு அப்பால் இருக்கிற எல்லாமே டாபு, தீவு. மொரீஷியஸுக்கு மிரிச் என்று பெயர். முப்பத்தைந்து, நாற்பது நாளில் போய்விடலாம். இந்தக் கப்பல் போவதோ தென்னமெரிக்காவில் இருக்கிற டெமராராவுக்கு. ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு, மூன்று மாதம், உலகத்தின் அந்தப் பக்கம். அங்கிருந்து மிரிச்சுக்கு எந்தக் கூலி போய்ச் சேர்ந்தான்?

உமாசரண் உள்ளே ஓடினான். பெரிய பாபு திரைலோக்ய பாதுரி வாழையிலையில் சந்தேஷ் மிட்டாய் வைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

"அவ மிரிச்சுக்குப் போகணுங்கிறா. நம்ம கப்பல்..."

"டாபுவுக்குப் போகணும்னு சொன்னாளா இல்லியா?"

"சொன்னா. ஆனா..."

"டெமராராவும் டாபுதானப்பா. துரை முன்னால டாபுவுக்குப் போகச் சம்மதமான்னு கேளு. ஆமாம்னு சொல்லுவா. நீ எங்க பொய் சொன்ன?" விரலை நக்கிக்கொண்டார். "ரொம்பத்தான் அரிச்சந்திரன் மாதிரி பாக்காத. அவ வீட்டை விட்டு வந்தாச்சு. திரும்பிப் போனா ஊர்ல எவனாவது ஒரு வாய் சோறு போடுவானா? இவ இல்லேன்னா ராம்ஜியாவன் படித்துறையில குளிக்கிற எவளையாவது தூக்கிட்டு வருவான். அது தேவலையா?"

எழுந்து வெளியே வந்து, செத்தவளுடைய தகரப் பட்டையை ஆணியிலிருந்து எடுத்து, அந்த எச்சில் கையாலேயே ராம்ஜியாவனிடம் கொடுத்தார். நூறாம் நம்பர். அதைக் கழுவக்கூட இல்லை. தேத்ரி குனிந்து கழுத்தில் வாங்கிக்கொண்டாள்.

மேஜையில் எழுதிக்கொண்டிருந்த துரை தலையை நிமிர்த்தவில்லை. "போகுமிடம் டெமராரா, ஐந்து வருட ஒப்பந்தம். அவளுக்குப் புரிகிறதா என்று கேள்."

உமாசரண் தொண்டையைச் செருமினான். டெமராரா என்கிற சொல் நாக்கு வரைக்கும் வந்தது. வாசலில் பெரிய பாபு நின்றுகொண்டிருந்தார்.

"அஞ்சு வருசம் டாபுல வேலை செய்யணும். போகச் சம்மதமா?"

"அதுக்குத்தான பாபு வந்தேன்!"

"புரிகிறது என்கிறாள், ஐயா" என்றான் இங்கிலீஷில். துரை கையெழுத்துப் போட்டார். இரண்டே நிமிஷம். வெளியே வந்து காறித் துப்பினான். வாய்க் கசப்பு போகவில்லை. அன்றைக்குக் கங்கையில் மூன்று தடவை முங்கினான். அப்புறமும் சோற்றில் கைவைக்கப் பிடிக்கவில்லை. சீ, என்ன பிழைப்பு இது என்று வாய்விட்டே சொன்னான். மனைவி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றான்.

மறுநாள் காலையில் துறையில் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. படகில் ஏற்றி நடு ஆற்றில் நிற்கும் கப்பலுக்குக் கொண்டுபோவார்கள். படகில் ஏறுகிற பலகைக்குப் பக்கத்தில் பெரிய பாபு பட்டியலோடு நின்று பெயர் கூப்பிட்டார். தேத்ரி பலகையில் கால் வைக்கும்போது உமாசரண் கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் வழியை மறித்தான்.

"தேத்ரி, போகாத. இது மிரிச் போற கப்பல் இல்ல. வேற டாபு. உம் புருசன் அங்க இல்ல."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நேத்து துரை முன்னால டாபுவுக்குன்னு நீங்கதான கேட்டீங்க?"

"கேட்டேன்."

"துரை கையெழுத்தும் போட்டாரு. அப்ப அவரு முன்னாடி நீங்க பொய்யா சொன்னீங்க?"

வரிசை நின்றுவிட்டது. பெரிய பாபு பட்டியலிலிருந்து கண்ணை எடுத்தார். படிக்கு மேலே துரையின் வெள்ளைத் தொப்பி தெரிந்தது. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவளை இறக்கிவிடுவார்கள், இவனையும் வேலையை விட்டு இறக்கிவிடுவார்கள்.

"இல்ல" என்றான் உமாசரண்.

"பின்ன?" அவள் பெரிதாகச் சிரித்தாள். "பயந்து ஓடிருவேனான்னு பாக்குறீங்களா பாபு? நான் ஒண்ணும் பயப்பட மாட்டேன். அவரைப் பாத்ததும் உங்களைப் பத்திச் சொல்லுறேன்."

பெரிய பாபு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

படகு நகர்ந்ததும் உள்ளே ஓலம் கிளம்பியது. ஏறினவர்கள் எல்லோரும் கரையைப் பார்த்துக் கையை நீட்டி அழுதார்கள். ஒருத்தி மட்டும் கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து, ஆறு கடலுக்குப் போகிற திசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.