நத்தையின் கையில் கடை

ஏழு வருடத்தில் முதல்முறையாக மேலாளர் விடுப்பு எடுத்திருந்தாள். எடுக்க வைத்தார்கள் என்பதுதான் சரி. தலைமை அலுவலகம் அவளைப் பெரிய கிளைக்கு மாற்றப் போகிறது. இந்தப் பல்பொருள் கடையை உதவி மேலாளரை நம்பி விடலாமா, இல்லை வெளியாள் ஒருவரை அனுப்ப வேண்டுமா என்று விடுப்பு முடிந்த மறுநாள் காலைக்குள் அவள் சொல்லியாக வேண்டும். அதற்காகத்தான் ஒரு வாரம் விலகி நிற்கச் சொன்னார்கள். கடைக்கு ஃபோன்கூடச் செய்யக் கூடாதாம்.

உதவி மேலாளருக்குக் கடையில் 'நத்தை' என்று பெயர். நடந்தால் ஓசை கேட்காது, கேட்டால் உடனே பதில் வராது. கெட்டிக்காரிதான். ஆனால் கூட்டம் முட்டும்போது இவள் என்ன செய்வாள்? இந்த யோசனையிலேயே மேலாளருக்கு ஆறு நாள் ஓடிவிட்டது.

ஏழாம் நாள் மாலை பையைத் தூக்கினாள். "பட்டாணி தீந்துபோச்சு."

"நம்ம தெருவுலயே கடை இருக்கே," என்றான் கணவன்.

"அங்க நல்லா இருக்காது."

"எது? பட்டாணியா, மேனேஜரா?"

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

தன் கடைக்குள் திருடி மாதிரி நுழைந்தாள். பழைய தேதிப் பால் முதலில் விற்கும்படி முன்வரிசையில், புதியது பின்னால். தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை. மனம் குளிர்ந்தது, கூடவே கொஞ்சம் எரிச்சலும் வந்தது. உறைபெட்டியிலிருந்து பட்டாணிப் பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். முன்னால் பத்துப் பேர், பின்னால் நான்கு பேர்.

அப்போதுதான் மின்சாரம் போனது. அவசர விளக்குகள் எரிந்தன. பில் போடும் கருவிகள் உயிரை விட்டன.

"போச்சுடா!" என்றது வரிசை.

அவளாக இருந்திருந்தால் முதல் கவுன்டருக்கு ஓடி, 'ஒரே நிமிஷம்' என்று ஒன்பது தடவை சொல்லியிருப்பாள். நத்தை ஓடவில்லை. கடைப் பெண் ஒருத்தியை வாசலில் காவலுக்கு நிறுத்தினாள். உறைபெட்டிகளின் மூடிகளை அடைத்தாள். பிறகு ஒரு பெரிய கூடையோடு வந்து, வரிசையின் வாலிலிருந்து ஆரம்பித்தாள்.

"கரண்ட் வர இருபது நிமிஷம் ஆகுமாம், கேட்டுட்டேன். உருகுற சாமான் இருந்தா குடுங்க, உள்ள வச்சிருந்து பில் போடும்போது தர்றேன்."

முன்னால் நிற்பவர் எப்படியும் நிற்பார். கடைசியில் நிற்பவர்தான் சாமானைப் போட்டுவிட்டு நடையைக் கட்டுவார். ஏழு வருடத்தில் தனக்கு இது தோன்றவில்லையே என்று மேலாளர் நினைத்தாள்.

நத்தை யாரிடமும் பெயர் கேட்கவில்லை. கண்ணில் பட்டதைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டினாள். 'ரெட்டைக் குழந்தை அம்மா.' 'சிவப்புச் சட்டை அண்ணன்.'

"அண்ணன்னு போட்டியே, நல்லா இரும்மா! வீட்ல எல்லாரும் தாத்தாங்குறாங்க," என்றார் சிவப்புச் சட்டைக்காரர். வரிசை சிரித்தது.

மேலாளர் முன் வந்ததும் நத்தையின் பென்சில் ஒரு கணம் நின்றது. முகம் மாறவில்லை. பட்டாணியை வாங்கிச் சீட்டை ஒட்டினாள்: 'லீவில் இருக்க வேண்டிய அக்கா.'

"வரிசையிலேயே நில்லுங்க அக்கா," என்று மெல்லச் சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

முன்னால் நின்ற ஒருவர் கொதித்தார். "என்னங்க கடை இது? மொதல்ல மேனேஜரக் கூப்புடுங்க!"

அந்தச் சொல் கேட்டால் ஏழு வருடமாக அவள் கால் தானாக நகரும். இப்போதும் வலது கால் ஒரு எட்டு வைத்துவிட்டது. அதைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"அதோ, கூடையோட வர்றாங்களே," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "அவங்கதான் மேனேஜர்."

நத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு, "சொல்லுங்க சார்," என்று அவரிடம் போனாள். என்ன சொன்னாளோ, இரண்டு நிமிடத்தில் அந்த மனிதர் தன் ஐஸ்கிரீமைத் தானே கூடையில் வைத்தார்.

மேலாளர் கைபேசியை எடுத்தாள். 'வெளியாள் வேண்டாம்' என்று தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினாள்.

பின்னால் நின்ற பெண்மணி கேட்டாள். "அந்தப் பொண்ணு உங்களுக்குச் சொந்தமா?"

"இல்லீங்க," என்றாள். பிறகு, யாரும் கேட்காமலே சொன்னாள்: "ஆனா, வேலைக்கு எடுத்தது நான்தான்."