ஜமாரிக்கு விட்ட பலூன்கள்

ஏரியிலிருந்து வந்த மூடுபனி மதியமாகியும் பூங்காவை விட்டுப் போகவில்லை. மரங்கள் பாதி இருந்தன, பாதி இல்லை. வெர்லீனுக்கு அது பிடித்திருந்தது. மகன் ஜமாரி போன பிறகு அவளுக்கு எல்லாமே பாதிதான் தெரிகிறது. இன்றைக்கு ஊரும் அவளோடு சேர்ந்துகொண்டது.

இருந்திருந்தால் இன்று அவனுக்கு இருபது வயது. பஸ்ஸுக்குக் காத்திருந்தவன். யாரோ யாரையோ சுட, குண்டு இவனைத் தேடி வந்தது. சிகாகோவின் தென்பகுதியில் இப்படிப் போன பிள்ளைகளின் பிறந்தநாளுக்குப் பலூன் விடுவார்கள். அவன் முகம் அச்சடித்த பனியனோடு தெருவே திரண்டிருந்தது. மேசையில் கோழி வறுவல் ஆறிக்கொண்டிருந்தது.

தம்பி ஆல்வின் அவள் பக்கத்தில் வந்து நின்றான். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன், தேவாலயத்தில் பாடுகிறவன், சாது. சட்டைக்கு அடியில், இடுப்பில், உரிமம் பெற்ற துப்பாக்கி. ஜமாரியைப் புதைத்த வாரமே வாங்கிவிட்டான்.

அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரு வாரமாக ஒரே சண்டை. பொது இடங்களில் யாரும் துப்பாக்கியோடு திரியக் கூடாது என்று மாநிலச் சட்டமன்றத்தில் ஒரு சட்டம் வரப்போகிறது. செவ்வாய்க்கிழமை அங்கே வந்து பேசும்படி வெர்லீனைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆல்வின் பக்கத்தில் இல்லாவிட்டால் அவளுக்குப் பேச்சே வராது. சொந்தமென்று மிச்சமிருப்பது அவன் ஒருவன்தான். அவனோ வர மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

"சட்டம் போட்டா அடங்கிப் போறவன் நான்தான்க்கா. ஜமாரியைச் சுட்டவன் லைசென்ஸ் எடுத்துட்டா வந்தான்? பக்கத்து மாநிலத்துல துப்பாக்கியைக் கார் டிக்கியில வச்சு விக்கிறானுங்க. அவன் கையைச் சட்டமா வந்து பிடிக்கும்?"

"எல்லார் இடுப்புலயும் இருந்தா, எந்தக் கை எப்போ என்ன பண்ணும்னு யாருக்குடா தெரியும்?"

"என் கையை எனக்குத் தெரியும்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சல்.

ஜெபம் முடிந்தது. எல்லோரும் ஒன்றாக நூலை விட்டார்கள். நீலப் பலூன்கள் மூடுபனிக்குள் ஏறின. மேலேயிருந்து யாரோ நிதானமாக நூலை இழுப்பதுபோல இருந்தது. ஜமாரிதான், வேறு யார்? எந்தப் பலூனை முதலில் எடுப்பது என்று தலையைச் சாய்த்து யோசிக்கிறான். சின்ன வயதில் விழுந்து கழுத்தில் வாங்கிய தழும்புகூடத் தெரிந்தது. வெர்லீன் சிரித்தாள். கால் தரையில் இருக்கிறதா என்றே அவளுக்குத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு ஆறு வயதுக் குட்டி ஸரியா மட்டும் தன் பலூனை விடவில்லை. விட மனசில்லாமல் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அது துப்பாக்கி சுட்டதுபோல வெடித்தது.

பூங்காவே புல்லில் விழுந்தது. அந்தத் தெருக்காரர்களுக்கு விழுவதற்கு யோசனை தேவையில்லை. வெர்லீன் மட்டும் விழவில்லை, அவள் இன்னும் பலூன்களோடு மேலேயே இருந்தாள். கீழே இறங்கி வந்து பார்த்தபோது இன்னும் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒன்று ஸரியா, கையில் கிழிந்த நீல ரப்பரோடு. இன்னொன்று ஆல்வின். அவனுடைய துப்பாக்கி நேராகக் குழந்தையின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"உடைஞ்சுபோச்சு" என்றாள் குழந்தை, அழப்போகும் குரலில்.

ஆல்வினுக்குக் கேட்கவில்லை. தண்ணீருக்குள் நடப்பதுபோல வெர்லீன் அவனிடம் போனாள். இரண்டு கைகளையும் பிடித்துத் தரையைப் பார்க்கத் தாழ்த்தினாள். விரல்கள் மரக்கட்டையாக இருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்துத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டாள். ஸரியாவின் அம்மா தவழ்ந்து வந்து குழந்தையை வாரிக்கொண்டாள்.

"நான்... அதுன்னு நெனச்சிட்டேன்க்கா." என்றான் ஆல்வின்.

அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. "இன்னைக்கு உன் கையை நான் பிடிச்சேன்டா" என்றாள். "செவ்வாய்க்கிழமை அங்க போய் இதைத்தான் சொல்லப்போறேன். உன் பேரை எடுக்க மாட்டேன்."

ஆல்வின் தன் வெறுங்கையைப் பார்த்தான். பலூன்கள் எதுவும் இப்போது கண்ணுக்குத் தெரியவில்லை.

"நீ சொல்ல வேணாம்க்கா" என்றான். "நானே சொல்றேன்."