பெட்டியின் சத்தம் அடங்கிய பிறகு

1

இந்தக் கதை கொல்லிமலையில் பிறக்கவில்லை. என் மேசைக்கு அடியில் பிறந்தது. அங்கே என் கம்ப்யூட்டரின் ஃபேன் மாவு மில் மாதிரி இரைந்துகொண்டிருக்கிறது. இந்தச் சத்தத்தில் ஒரு வரிகூட ஓடவில்லை என்று ஒரு பத்திரிகை ஆசிரியரிடம் போனில் புலம்பினேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், மலைச் சிறப்பிதழ் ஒன்று வருகிறது, கொல்லிமலையை வைத்து ஒரு கதை வேண்டும், அருவி, தேன், மூலிகை மூன்றும் தவறாமல் வரட்டும் என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். எழுத்தாளன் எதற்குத்தான் சரி சொல்லாமல் இருந்திருக்கிறான்?

ஆக, கையில் ஒரு மலை, காலடியில் ஒரு சத்தம். இரண்டையும் சேர்த்துக் கட்டுகிறேன். அருவி, தேன், மூலிகை மூன்றும் இதோ வந்துவிட்டன, இனி வராது. மலைச் சாலையில் எத்தனை வளைவு என்றும் சொல்ல மாட்டேன்.

2

தொடக்கங்கள் சில எழுதிப் பார்த்தேன்.

"பனி மூடிய அரியூர் நாட்டின் மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே, காலம் தன் காலடி ஓசையை—"

வேண்டாம். இதைப் படித்தால் என் கதாநாயகனே சிரிப்பான்.

"மலையில் பிறந்த ஒருவன் தன் கையாலேயே பாகம் பாகமாகக் கம்ப்யூட்டர் பூட்டினான் என்றால் நம்புவீர்களா?"

இது அதைவிட மோசம். ஏன் நம்பமாட்டீர்கள்? கீழ்நாட்டுக்காரன் பூட்டினால் அது சாதாரணம், மலைக்காரன் பூட்டினால் மட்டும் வாயைப் பிளக்க வேண்டுமா? ஆசிரியருக்கு இந்த வரி ரொம்பப் பிடிக்கும். அதனாலேயே அடிக்கிறேன்.

நேராகவே சொல்கிறேன். வருடம் 2002. முருகானந்தம் கொல்லிமலையின் அரியூர் நாட்டில் மிளகும் மரவள்ளியும் போட்டிருப்பவன். கொஞ்ச காலம் சேலத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். உதிரி உதிரியாகச் சாமான் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, ஓட்டு வீட்டின் முன்னறையில் பூட்டி முடித்தான். செம்மேட்டில் ஒரு டைப்பிங் சென்டர் வைக்கப் போகிறேன் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான்.

அவன் மனைவி ராதிகா மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்காரி. டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள். (இதைக் கவனியுங்கள். அவன் கவனிக்கவில்லை.)

3

கம்ப்யூட்டருக்குள் பிராசசர் என்று ஒரு சில்லு. வேலை எல்லாம் அதுதான் செய்யும், அதனால் அதுதான் சூடாகும். அதன் தலையில் ஓர் அலுமினியக் கட்டை, கட்டையின் தலையில் உள்ளங்கை அளவு ஃபேன். முருகானந்தம் வாங்கிய சில்லு வேகமான சாதி, ஆனால் கொதிக்கிற சாதி. ஃபேனும் அதற்கேற்றபடி கத்தியது. மூன்று மாதக் கைக்குழந்தை பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்திலேயே தூங்கிப் பழகிவிட்டது. ராதிகாவுக்குத்தான் பழகவில்லை.

அவள் கூப்பிடுவாள். அவன் திரும்பமாட்டான். அடுத்த முறை குரலை உயர்த்துவாள். அப்போதும் இல்லை. கிட்டே போய்த் தோளைத் தொட்டால், "ஃபேன் சத்தத்துல கேக்கல" என்பான்.

(உள்ளே என் மனைவி ஏதோ கேட்கிறாள். இருங்கள். இந்த இரைச்சலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு கேட்டுக்கொள்ளலாம்.)

அப்படி என்னதான் செய்தான் அதில்? சொன்னால் என்னை அடிக்க வருவீர்கள். சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். சில்லு எத்தனை டிகிரி என்று திரையின் ஓரத்தில் ஓர் எண் ஓடும். அது ஏறினால் முகம் வாடும், இறங்கினால் மலரும். கம்ப்யூட்டரின் சூட்டைப் பார்ப்பதற்காகவே ஒரு கம்ப்யூட்டர். கதை எழுதுவதைப் பற்றியே கதை எழுதிக்கொண்டிருக்கிற ஆள் இதைக் கேலி செய்யக் கூடாதுதான். ஆனாலும் செய்கிறேன்.

ஒருநாள் ராதிகா பொறுமை தீர்ந்து சொன்னாள். "நான் கூப்பட்டா உங்களுக்குக் காது கேக்கோணும். இல்லீன்னா புள்ளையத் தூக்கீட்டு எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவனுங்க."

வேறு யாராக இருந்தாலும் இதில் இருக்கிற வருத்தத்தைப் புரிந்துகொண்டிருப்பார்கள். முருகானந்தம் இதில் ஒரு மெக்கானிக் வேலையைப் புரிந்துகொண்டான்.

4

அவன் சத்தத்தை அடக்கிய விதத்தைச் சொல்லாமல் போனால் பாவம். உழைப்பு உழைப்புதான்.

சின்ன ஃபேனைக் கழற்றி மேசை டிராயரில் போட்டான். அந்த இடத்தில் பெரிய ஃபேன் ஒன்றைத் தகரப் பட்டை வளைத்து மாட்டினான். பன்னிரண்டு வோல்ட்டில் சுற்ற வேண்டியதன் வயரை மாற்றிச் செருகி ஏழில் சுற்ற வைத்தான். பெரியது மெல்லச் சுற்றினாலும் காற்று வரும், சத்தம் வராது. ஆனால் இவன் சில்லுக்கு அந்தக் காற்று போதவில்லை. எண் ஏறியது, முகம் வாடியது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. மலையே குளிர்ந்து கிடக்கும்போது அந்தக் குளிரை வெளியே விட்டுவிட்டு உள்ளே எதற்கு அல்லாட வேண்டும்? வடக்குச் சுவரில் ஓட்டை போட்டான். பி.வி.சி. குழாய் ஒன்றை நுழைத்து அதன் வாயை அலுமினியக் கட்டைக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தி, கம்ப்யூட்டர் பெட்டியின் மற்ற சந்துகளை எல்லாம் அட்டை ஒட்டி அடைத்தான். வெளியே இருந்து வருகிற காற்று சில்லுக்கு மட்டும்தான் போக வேண்டும், வீணாகக் கூடாது.

பனிக்காற்று உள்ளே வந்தது. எண் விழுந்தது. சத்தம் அறவே நின்றது. பெட்டி ஓடுகிறதா இல்லையா என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். எனக்கு இந்த இடத்தில் அவன்மேல் நிஜமான பொறாமை வருகிறது.

5

(இங்கே ராதிகா மகிழ்ந்து சிரிப்பதாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். அவள் மகிழவில்லை. அடித்துவிட்டேன்.)

சத்தம் நின்ற மறுநாள் காலை அவள் வாசற்படியில் நின்று கேட்டாள். குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்த வேண்டிய தேவை இல்லாத வீடாகிவிட்டதே.

"ஏனுங்க, நானுங் கொஞ்சம் அதுல டைப் பண்ணிப் பாக்கட்டுங்களா?"

அவன் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு டிகிரி இறங்கியது. சிரித்தான். அவளைப் பார்த்து அல்ல.

ராதிகா காத்திருந்தாள். இதே கேள்வியை ஃபேன் கத்திய நாட்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். அப்போதெல்லாம் சத்தத்தின் மேல் பழியைப் போட்டு மனதைத் தேற்றிக்கொள்ள ஒரு வழி இருந்தது. அதையும் தகரப் பட்டை வளைத்து எடுத்துவிட்டான் புண்ணியவான்.

"இனி சத்தத்துல கேக்கலீன்னு சொல்ல முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். மதியம் பஸ் இருக்கிறது.

இதுவும் அவன் காதில் விழவில்லை. பெட்டியை ஓட விட்டுவிட்டு, அமைதியாக்கிவிட்ட செய்தியை டீக்கடையில் சொல்லக் கிளம்பினான்.

வீட்டில் குழந்தை ஓயாமல் அழுதது. சத்தம் நின்றதிலிருந்து அதற்குத் தூக்கமில்லை. யாருக்கும் அது தோன்றவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த அவன் அக்கா பாப்பாயிக்கு வேறு காரணம் தெரிந்தது. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் காற்று நுழைகிற ஓட்டை ஒன்றைக்கூட விட்டுவைக்கக் கூடாது. ஓட்டுச் சந்து, கதவு இடுக்கு எல்லாவற்றிலும் துணி திணித்து வைத்திருந்தாள். இந்தத் தம்பிக்காரன் என்னடாவென்றால் குழாய் வைத்துப் பனியை உள்ளே அழைக்கிறான். வெளியே போய், கிழிந்த கம்பளியைச் சுருட்டி, விறகுக் கட்டையால் இடித்து, குழாயை அடைத்தாள். பெட்டி ஓடுகிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அதுதான் மூச்சே விடவில்லையே.

முருகானந்தம் திரும்பியபோது வீட்டில் கருகிய வாடை. அந்த நாளைய சில்லுக்குச் சூடேறினால் தானாக நின்றுகொள்ளும் புத்தி கிடையாது, கருகிவிட்டது.

"புள்ள இருக்கற ஊட்டுல ஓட்ட வெக்கலாமா சாமி?" என்று பாப்பாயி பெருமையோடு சொன்னாள். அவனால் அவளைத் திட்டவும் முடியவில்லை. தன் குழந்தைக்காகச் செய்தவளை என்னவென்று திட்டுவது?

6

முடிவுகள்.

ஒன்று: வீடு தீப்பிடிக்கிறது. ஆசிரியர் கேட்டால் கொடுக்கலாம். பாவம், வீடு என்ன செய்தது?

இரண்டு: முருகானந்தம் ராதிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கி, "நான் தவறு செய்து—"

இல்லை. அவன் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை.

மூன்று: நடந்தது. ராதிகா பையோடு வாசலில் நிற்கிறாள். குழந்தை பாப்பாயி தோளில் கதறுகிறது. முருகானந்தம் செத்த பெட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு, அழுகை தாங்காமலோ கை சும்மா இருக்க மாட்டாமலோ, டிராயரிலிருந்து பழைய சின்ன ஃபேனை எடுத்து, பெட்டிக்குள் கரண்ட் கொடுக்கிற, தப்பிப் பிழைத்த பவர் சப்ளையில் செருகினான். அது பழையபடி கத்தியது. குழந்தை விக்கி, கொட்டாவி விட்டு, தூங்கிப்போனது.

சில்லு இல்லை, திரையில் எண் இல்லை. தூங்க வைப்பதற்கு மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது ஒரு ஃபேன். முருகானந்தத்துக்குப் பார்ப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. ஆகவே தலையைத் தூக்கினான். வாசலில் நிற்பவளைப் பார்த்தான்.

கீழே வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. அப்போது ராதிகா ஏதோ சொன்னாள். உதடு அசைந்ததைப் பார்த்தேன். சின்ன வாக்கியம்தான்.

என்ன சொன்னாள் என்று என்னைக் கேட்காதீர்கள். ஃபேன் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. நீங்கள் சத்தமில்லாத இடத்தில் உட்கார்ந்துதானே படிக்கிறீர்கள்? அவனுக்குக் கேட்டதா என்பதை நீங்கள் சொல்லுங்கள்.